சிவப்புக் குள்ள விண்மீன்களைத் தேட இருண்ட வானம் தேவையில்லை

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

வேறொரு விண்மீனைச் சுற்றிப் பூமியின் அளவில் ஒரு கோள் இருப்பதாகச் செய்தி வரும்போதெல்லாம், "நம்ம ஊர்ல வானமே தெரியாது, பிள்ளைங்க இதுல என்ன செய்ய முடியும்?" என்ற பேச்சும் கூடவே வருகிறது. வானம் தெரியாது என்பது மெய்தான். 2016ல் வெளியான உலக ஒளிமாசு வரைபடத்தில் சிங்கப்பூருக்குத்தான் முதலிடம். இங்கு வசிக்கும் யாருடைய கண்ணும் இரவில் முழுமையாக இருளுக்குப் பழகுவதில்லை என்றது அந்த ஆய்வு. ஆனால் அதை வைத்துக் கையைக் கட்டிக்கொண்டு உட்கார வேண்டியதில்லை. பிராக்ஸிமா, டிராப்பிஸ்ட்-1 என்று செய்தியில் அடிபடும் கோள் குடும்பங்கள் பலவும் சிவப்புக் குள்ள விண்மீன்களைச் சுற்றுபவை. சகாரா பாலைவனத்தில் போய் நின்றாலும் அந்த வகையில் எதையும் வெறுங்கண்ணால் பார்ப்பது அரிது. அவற்றிலேயே மிகப் பொலிவான லக்காய் 8760இன் பொலிவெண் 6.7, சாதாரணக் கண்ணுக்கு எல்லை 6 (எண் கூடக் கூடப் பொலிவு குறையும்). ஆகவே இருட்டான ஊரில் இருப்பவரும் நம்மைப் போலவே வான் அளவீட்டுப் பட்டியல்களைத்தான் திறக்க வேண்டும்.

தொடக்கக் கல்லூரி, பலதுறைத் தொழிற்கல்லூரி மாணவர்கள் ஒரு மடிக்கணினியை வைத்துச் செய்துவிடக்கூடிய வேலை இது. எப்படிச் செய்வது, எந்த இடத்தில் சறுக்கும் என்பதைத்தான் இக்கடிதத்தில் எழுதுகிறோம்.

சிவப்புக் குள்ளனின் நிறை சூரியனில் சுமார் 8 முதல் 60 விழுக்காடு. மேற்பரப்பு வெப்பநிலை ஏறத்தாழ 2,300 முதல் 3,900 கெல்வின்; சூரியனுக்கு அது 5,772. பால்வெளியில் நான்கில் மூன்று பங்கு விண்மீன்கள் இவையே. நிறை ஓர் எல்லைக்குக் கீழே போனால் ஹைட்ரஜன் நிலையாக எரியாது என்று 1960களின் தொடக்கத்தில் கணக்கிட்டுக் காட்டியவர் இந்தியாவில் பிறந்த சிவ் எஸ். குமார். சந்திரசேகர் எல்லையை அறிந்த அளவுக்கு இதை நம்மவர்கள் அறியாதது ஒரு குறைதான்.

முதல் சறுக்கல் நிறத்திலேயே இருக்கிறது. கேட்டையும் சிவப்பு, திருவாதிரையும் சிவப்பு. இரண்டின் வெப்பநிலையும் 3,600 கெல்வினை ஒட்டியே வரும். ஆனால் அவை வெகு தொலைவில் இருக்கும் பெரும் அரக்கர்கள், அதாவது மிகப் பருத்த விண்மீன்கள். சிவப்பாகத் தெரிவதையெல்லாம் பொறுக்கினால் பொலிவானவற்றில் பெரும்பாலும் அரக்கர்களே சிக்குவார்கள். கோள் தேடிய கெப்ளர் விண்தொலைநோக்கியின் இலக்குகளை 2012ல் ஆண்ட்ரூ மேன் குழுவினர் நிறமாலை எடுத்துச் சோதித்தபோது, பொலிவெண் 14ஐவிடப் பொலிவான சிவப்பு விண்மீன்களில் 96 விழுக்காடு அரக்கர்கள் என்று தெரியவந்தது. 14ஐவிட மங்கலானவற்றில் அரக்கர்கள் 7 விழுக்காடுதான்.

இருவரையும் பிரிக்க ஒரு பழைய கணக்கு உண்டு. அருகில் இருக்கும் விண்மீன் வானில் வேகமாக இடம்பெயர்வதுபோல் தெரியும். இதுவே சொந்த நகர்வு. ஓராண்டு நகர்வைக் கோண வினாடியில் (பாகையில் 3,600இல் ஒரு பங்கு) எடுத்து, அதன் மடக்கையை 5ஆல் பெருக்கி, பொலிவெண்ணோடு கூட்டி, மேலும் 5ஐச் சேர்த்தால் தூரம் தெரியாமலேயே உள்ளார்ந்த பொலிவுக்கு ஓர் அடையாளம் கிடைத்துவிடும். அருகிலுள்ள சிவப்புக் குள்ளனான பர்னார்ட் விண்மீனின் பொலிவெண் 9.5, நகர்வு ஆண்டுக்கு 10.36 கோண வினாடி, விடை 19.6. கேட்டையின் பொலிவெண் 1.0, நகர்வு 0.026, விடை கழித்தல் 1.9. இடைவெளி 21க்கும் மேல். இதில் ஒரு ஓட்டையும் இருக்கிறது. நம்மை நோக்கி நேராக வரும் விண்மீனோ விலகிப் போகும் விண்மீனோ பக்கவாட்டில் நகராது. அருகில் இருந்தாலும் சல்லடையில் தப்பிவிடும். ஒரே கூட்டமாக மெதுவாகப் போகும் இளம் குள்ளர்கள் பழைய பட்டியல்களில் விடுபட்டதற்கு இதுவும் ஒரு காரணம்.

அந்தப் பழைய பட்டியல்கள் கண்ணால் பார்த்தே உருவானவை. இரண்டு காலத்துப் புகைப்படத் தகடுகளை ஒரே கருவியில் வைத்து மாற்றி மாற்றிப் பார்ப்பார்கள். நகர்ந்த புள்ளி மட்டும் துள்ளும். 1915ல் ஜோகன்னஸ்பர்க்கில் ராபர்ட் இன்னஸ் பிராக்ஸிமாவைப் பிடித்தது அப்படித்தான். பாலோமர் வான் அளவீட்டின் தகடுகளைக் கொண்டு வில்லெம் லைட்டன் தொகுத்த பட்டியலில் ஆண்டுக்கு 0.18 கோண வினாடிக்கு மேல் நகரும் 58,845 விண்மீன்கள் இருந்தன. 12.5 ஒளியாண்டு தொலைவே உள்ள டீகார்டன் விண்மீன் 2003 வரை பட்டியலுக்கு வரவில்லை. குறுங்கோள்களைத் தேடி எடுத்த படங்களிலிருந்துதான் அது வெளிப்பட்டது. 1997 முதல் 2001 வரை அரிசோனாவிலும் சிலியிலும் இரண்டு 1.3 மீட்டர் தொலைநோக்கிகள் வானம் முழுவதையும் ஜே, எச், கே என்ற மூன்று அகச்சிவப்புப் பட்டைகளில் படமெடுத்தன. டூமாஸ் எனப்படும் அந்த அளவீட்டிலிருந்து கிடைத்ததுதான் பின்னாளில் டிராப்பிஸ்ட்-1 எனப் பெயர் பெற்ற விண்மீன்.

இன்றைய வேலைக்கு அடித்தளம், விண்மீன்களின் இடத்தையும் தொலைவையும் அளந்த கையா விண்கலத்தின் தரவு. 2013 டிசம்பரில் ஏவப்பட்டு 2025 மார்ச்சில் அணைக்கப்பட்ட அக்கலத்தின் மூன்றாம் தரவு வெளியீடு 2022 ஜூனில் வந்தது. யாரும் இலவசமாக எடுக்கலாம். அட்டவணையைத் திறந்து வரைபடம் போட டாப்கேட் என்ற இலவச மென்பொருள் போதும்.

இடமாறு தோற்றம் (பூமி சூரியனைச் சுற்றுவதால் விண்மீன் இடம் மாறுவதுபோல் தெரியும் அளவு) 40 மில்லி கோண வினாடிக்கு மேல் என்று கேளுங்கள். 1,000ஐ அந்த எண்ணால் வகுத்தால் பார்செக் கிடைக்கும். ஆக 25 பார்செக், அதாவது சுமார் 81 ஒளியாண்டுக்குள் உள்ளவை வந்து சேரும். இத்தோடு நிறுத்தினால் பட்டியல் குப்பையாகிவிடும். விண்மீன்கள் நெருக்கியடிக்கும் பால்வெளி மையத் திசையில், இரண்டு புள்ளிகள் கலந்துபோய் இல்லாத இடமாறு தோற்றம் பதிவாகியிருக்கும். அளவு தன் பிழையைவிடப் பத்து மடங்காவது இருக்க வேண்டும் என்ற நிபந்தனையைச் சேர்த்தால் பெரும்பகுதி விலகிவிடும். அடுத்து, இடமாறு தோற்றத்தின் மடக்கையை 5ஆல் பெருக்கி, கையாவின் ஜி பட்டைப் பொலிவெண்ணோடு கூட்டி, 10ஐக் கழியுங்கள். கிடைப்பது தனிப்பொலிவு, அதாவது எல்லா விண்மீன்களையும் ஒரே தொலைவில் வைத்தால் தெரியும் பொலிவெண். பர்னார்டுக்கு 8.19 கூட்டல் 13.69 கழித்தல் 10, தனிப்பொலிவு 11.88. நீலப் பட்டைக்கும் சிவப்புப் பட்டைக்கும் உள்ள பொலிவெண் வேறுபாடு 1.8க்கு மேலும், தனிப்பொலிவு 8ஐவிட மங்கலாகவும் இருந்தால் அது எம் வகைக் குள்ளன், அதாவது சிவப்புக் குள்ளன்.

இரண்டு எச்சரிக்கைகள். மங்கலான, மிகக் குளிர்ந்த விண்மீனிடமிருந்து கையாவின் நீலப் பட்டைக்கு ஒளி ஏறக்குறைய வருவதே இல்லை. அங்கே பதிவாவது பெரும்பாலும் பின்னணி ஒளி என்பதால் விண்மீன் உள்ளதைவிட நீலமாகத் தோன்றும். அந்த எல்லையில் ஜி பட்டையிலிருந்து சிவப்புப் பட்டையைக் கழித்த எண்ணை நம்புவது நல்லது. மற்றொன்று, கையா தரும் பொருத்தப்பிழை எண்; ஒற்றை விண்மீன் என்று வைத்துப் போட்ட கணக்கிலிருந்து அளவுகள் எவ்வளவு விலகுகின்றன என்பதை அது காட்டும். அது 1.4ஐத் தாண்டினால் அளவு கெட்டது என்று அழித்துவிடும் பழக்கம் இருக்கிறது. எங்கள் கருத்தில் அது தவறு. எண் உயர்வதற்குப் பல சமயம் காரணம் அது இரட்டை விண்மீன் என்பதுதான். அழித்துவிட்டு, "குள்ளர்களில் எத்தனை இரட்டை?" என்று கணக்குப் போட்டால் விடை எப்படிச் சரியாக வரும்? தனிக் கோப்பில் எடுத்து வையுங்கள்.

அதிகம் பேர் தடுக்கி விழுவது பட்டியல்களை இணைக்கும் இடத்தில். கையாவின் ஆயங்கள் (விண்மீனின் இடத்தைக் குறிக்கும் எண்கள்) 2016 தொடக்கத்துக்கானவை. டூமாஸ் படங்கள் 1999ஐ ஒட்டியவை. ஆண்டுக்கு 0.5 கோண வினாடி நகரும் விண்மீன் இந்த 17 ஆண்டில் 8.5 கோண வினாடி போயிருக்கும். பர்னார்ட் ஏறத்தாழ மூன்று கோண நிமிடம் போயிருக்கும். மென்பொருளில் வழக்கம்போல் 2 கோண வினாடி ஆரம் வைத்துத் தேடினால் ஒன்றும் பொருந்தாது. அதைவிட மோசம், இன்றைய இடத்தில் பின்னால் கிடக்கும் வேறொரு மங்கல் விண்மீன் பொருந்திவிடுவது. அதன் கே பொலிவெண் நம் அட்டவணைக்குள் நுழையும், நிறம் தப்பாக வரும், நல்ல குள்ளன் ஒன்று சத்தமில்லாமல் பட்டியலை விட்டு வெளியேறும். ஆகவே கையா ஆயத்தை டூமாஸ் படம் எடுத்த நாளுக்குப் பின்னோக்கி நகர்த்திய பிறகே இணைக்க வேண்டும். நகர்த்தும்போது கிழக்கு-மேற்கு நகர்வை நடுவரை விலக்கத்தின் (வான நடுவரையிலிருந்து விண்மீன் இருக்கும் கோணத் தொலைவின்) கொசைனால் வகுக்க மறக்காதீர்கள். கையா தரும் எண்ணில் அந்தக் கொசைன் ஏற்கெனவே பெருக்கப்பட்டுள்ளது. வான நடுவரைக்கு அருகில் மறந்தாலும் தெரியாது. 60 பாகையில் கிழக்கு-மேற்கு நகர்வு வேண்டியதில் பாதிதான் வரும்.

பொருந்தியதா என்பதைக் கண்ணாலும் பார்த்துவிடலாம். அலாடின் என்ற இலவசச் செயலியில் 1950களின் பாலோமர் சிவப்புத் தகடு, டூமாஸ் படம், அண்மைப் படம் மூன்றையும் அடுக்கி மாற்றி மாற்றிப் பாருங்கள். மெய்யான விண்மீன் ஒரே திசையில் சீராக நகரும். தகட்டுத் தூசியும் பொலிவான விண்மீனின் ஒளிவட்டமும் ஒரு படத்தில் மட்டும் இருக்கும். இந்தப் பழைய தகட்டுக்கு இன்னொரு பயனும் உண்டு: வேகமாக நகரும் குள்ளன் இன்று நிற்கும் இடத்தில் அன்று என்ன இருந்தது என்பதை அது காட்டும். கோள் தேடும் டெஸ் விண்கலத்தின் ஒரு படப்புள்ளி 21 கோண வினாடி அகலம். கோள் மறைப்பு (கோள் குறுக்கே போவதால் விண்மீனின் ஒளி சற்றுக் குறைவது) என்று நினைத்தது பின்னால் ஒளிந்திருக்கும் இரட்டை விண்மீனாக இருக்கலாம். அதைத் தீர்த்துவைக்க எழுபது ஆண்டுப் பழைய தகடு உதவுகிறது.

இத்தனையும் சரியாகச் செய்த மாணவர்களுக்கு அடுத்து நாங்கள் பரிந்துரைக்கும் வேலை, 100 பார்செக்குக்குள் உள்ள குள்ளர்களை எடுத்து நிறத்துக்கும் தனிப்பொலிவுக்கும் வரைபடம் போடுவது. தனிப்பொலிவு 10க்கு அருகே சாய்வாக ஒரு மெல்லிய வெற்றிடக் கோடு தெரியும். அகலம் சுமார் 0.05தான். 2018ல் வெய்-சுன் ஜாவோ குழுவினர் கையாவின் இரண்டாம் வெளியீட்டில் கண்டது இது. உட்புறம் முழுவதும் கொதித்துக் கலக்கும் விண்மீன்களும் மையம் கலக்காத விண்மீன்களும் சந்திக்கும் எல்லை அது. புள்ளிகளைப் பெரிதாக வரைந்தால் கோடு மறைந்துவிடும். மிகச் சிறிய புள்ளி, பாதி ஒளி ஊடுருவும் நிறம் என்று வைத்தால்தான் தெரியும்.

வகைப்படுத்தக் கடைசியில் நிறமாலைதான் வேண்டும். அதையும் நாமே எடுக்க வேண்டியதில்லை. ஸ்லோன் என்ற வான் அளவீட்டிலிருந்து 2011ல் வந்த தொகுப்பில் மட்டும் 70,841 எம் குள்ளர்களின் நிறமாலைகள் இருக்கின்றன. இவற்றை ஆள்வது டைட்டேனியம் ஆக்சைடின் பட்டைகள். 712.6 முதல் 713.5 நானோமீட்டர் வரையிலான சராசரி ஒளியை, 704.2 முதல் 704.6 வரையிலான சராசரியால் வகுங்கள். விடையை 10.775ஆல் பெருக்கி 8.2லிருந்து கழித்தால் வகை எண் வரும். விகிதம் 0.40 என்றால் 3.9, அதாவது எம்4 (எண் கூடக் கூட விண்மீன் குளிர்ந்தது). 0.75 என்றால் எம்0. ரீட், ஹாலி, கீஸிஸ் மூவரும் 1995ல் தந்த சூத்திரம் இது.

இங்கே ஒரு நுணுக்கம் தெரியாவிட்டால் மொத்தமும் கோணலாகிவிடும். சூத்திரத்தின் அலைநீளங்கள் காற்றில் அளந்தவை. ஸ்லோன் தருவதோ வெற்றிடத்துக்கானவை. 700 நானோமீட்டரில் வித்தியாசம் சுமார் 0.19. இரண்டாவது சாளரத்தின் (704.2 முதல் 704.6 வரையிலான துண்டின்) மொத்த அகலமே 0.4 என்பதால் பாதி சாளரம் இடம் நழுவிவிடும். விண்மீன் நொடிக்கு 100 கிலோமீட்டர் வேகத்தில் விலகினால் மேலும் 0.23 நானோமீட்டர் நகர்ந்துவிடும். இரண்டையும் திருத்திய பிறகே வகுக்க வேண்டும். எம்6ஐத் தாண்டினால் சூத்திரத்தைக் கைவிட்டு வனேடியம் ஆக்சைடு பட்டைகளைப் பார்க்க வேண்டும். அந்தக் குளிரில் டைட்டேனியம் தூசியாகப் படியத் தொடங்குவதால் விகிதம் திரும்பவும் ஏறும். உலோகம் குறைந்த பழைய குள்ளர்களில் டைட்டேனியம் ஆக்சைடு இளைத்து, கால்சியம் ஹைட்ரைடு மட்டும் வலுவாக நிற்கும். அதைக் கவனிக்காவிட்டால் சூடான வகை என்று முத்திரை குத்திவிடுவோம். அரக்கனா குள்ளனா என்ற ஐயம் இன்னும் இருந்தால் 818.3, 819.5 நானோமீட்டரில் சோடியக் கோடுகளைப் பாருங்கள்: குள்ளனில் ஆழம், அரக்கனில் மெலிவு. 656.3இல் ஹைட்ரஜன் கோடு மேல்நோக்கி எழுந்திருந்தால் காந்தச் சீற்றம் மிக்க விண்மீன்.

தொலைநோக்கி வைத்திருக்கும் பள்ளிகள் என்ன செய்யலாம்? ஒளிமாசு இங்கே அஞ்சும் அளவுக்குத் தொல்லை தராது. வெள்ளை எல்இடி விளக்குகளின் ஒளி 700 நானோமீட்டருக்கு அப்பால் மிகக் குறைவு. சிவப்புக் குள்ளனின் ஒளியோ அங்கேதான் அதிகம். பிராக்ஸிமாவின் பொலிவெண் கண்ணுக்குத் தெரியும் பட்டையில் 11.1, அண்மை அகச்சிவப்பில் 7.4. 700 நானோமீட்டருக்கு மேல் மட்டும் விடும் வடிகட்டியைப் போட்டு, அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி இல்லாத கேமராவைப் பொருத்துங்கள். வடிகட்டியை மாட்டிய பிறகு குவியத்தைத் திரும்பச் சரிசெய்ய வேண்டும். லென்ஸ் தொலைநோக்கியில் குவியம் கண்டிப்பாக நகர்ந்திருக்கும்.

பர்னார்ட் விண்மீன் சிங்கப்பூரில் உச்சிக்கு மூன்றரைப் பாகை அருகில் வரும். ஜூலை இறுதியில் இரவு பத்தரை மணி வாக்கில் தலைக்கு மேல் நிற்கும். வீவக அடுக்குமாடி வீட்டுத் தாழ்வாரத்திலிருந்து உச்சி தெரியாது; பலமாடிக் கார்நிறுத்துமிடத்தின் மேல்தளம் சரிப்படும். 500 மில்லிமீட்டர் குவியத் தொலைவு, 3.76 மைக்ரான் படப்புள்ளி என்றால் ஒரு புள்ளி 1.55 கோண வினாடி. அடுத்த ஆண்டு அதே வாரத்தில் எடுத்தால் விண்மீன் ஆறேழு புள்ளி வடக்கே போயிருக்கும். அதே வாரம் என்பது முக்கியம், இல்லையென்றால் 0.55 கோண வினாடி இடமாறு தோற்றமும் அளவில் கலந்துவிடும். 5 வினாடிப் படங்கள் 20 எடுத்து அடுக்குங்கள். நீளமாக எடுத்தால் விண்மீன் வெளுத்து, நடுப்புள்ளியைக் கணக்கிட முடியாது.

கோள் மறைப்பை மட்டும் இங்கிருந்து அளக்க முயல வேண்டாம் என்பது எங்கள் கருத்து. நீராவி அகச்சிவப்பைத்தான் விழுங்குகிறது. ஒப்பிடும் விண்மீன்கள் குள்ளனைவிட நீலமானவையாக இருப்பதால், ஈரப்பதம் மாறும்போது குள்ளன் மட்டும் மங்குவதுபோல் தெரியும். சிவப்புக் குள்ளர்களைச் சுற்றும் கோள்களைத் தேடி அரிசோனாவின் வறண்ட மலையில் இயங்கிய எம்எர்த் தொலைநோக்கிகளுக்கே இந்தத் தொல்லை இருந்தது.

கடைசியாக, செய்தி எழுதுவோருக்கு ஒரு வேண்டுகோள். மறைப்பின் ஆழம் தருவது கோளின் ஆரத்துக்கும் விண்மீனின் ஆரத்துக்கும் உள்ள விகிதத்தை மட்டுமே. விண்மீனின் ஆரம் 10 விழுக்காடு பிழைத்தால் கோளின் ஆரமும் 10 விழுக்காடு பிழைக்கும். அடர்த்தி 30 விழுக்காடு பிழைக்கும். பாறைக் கோளா வாயுக் கோளா என்ற தீர்ப்பு அங்கேயே ஆட்டம் கண்டுவிடும். குள்ளனின் ஆரத்தையும் நிறையையும் பெரும்பாலும் கே பட்டைத் தனிப்பொலிவிலிருந்து பெறுகிறார்கள். அந்தப் பட்டையில் உலோகச் செறிவின் தாக்கம் குறைவு. அப்படியும் 3 விழுக்காடு அளவுக்குத் தயக்கம் மிஞ்சும். எனவே "பூமியைப் போன்ற கோள்" என்று தலைப்பிடும்போது, விண்மீனின் வகை, தொலைவு, ஆரமும் அதன் பிழை வரம்பும் ஆகிய விவரங்களையும் ஒரு வரியில் சேர்த்து அச்சிடுங்கள். ஆய்வுக் கட்டுரைகளில் பெரும்பாலும் முதல் அட்டவணையிலேயே அவை இருக்கும்.

இப்படிக்கு,
வானியல் ஆர்வலர்கள் சிலர்
ஜூரோங் ஈஸ்ட்